‘இரத்தச் சுத்திகரிப்பு’ என்ற சொல் மறைப்பது

என் தாய்மாமா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அவருக்கு வயது 46. ஐந்து ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்; வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், மருத்துவமனைக்குப் புறப்படுவதற்காகக் குளித்து முடித்தவர், சட்டையைக் கையில் எடுத்தபடியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரணம் இதயச் செயலிழப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் அத்தை என்னிடம் கேட்டார்: “ஏம்மா, டாக்டருக்குத்தானே படிக்கிற? கிட்னியிலதான் கோளாறுன்னாங்க. வாரம் ரெண்டு தடவ ரத்தத்தச் சுத்தம் பண்ணிக்கிட்டுத்தானே இருந்தோம்? அப்புறம் ஹார்ட் எப்படிப் போச்சு?”

நான் படிப்பது மருத்துவம் அன்று. மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, மருத்துவமனை உரையாடல்களைப் பற்றி ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று அத்தைக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ‘டாக்டர் பட்டம்’ என்ற சொல் அந்த விளக்கத்தை ஒவ்வொரு முறையும் தோற்கடித்துவிடுகிறது. அன்று என்னிடம் விடை இல்லை. அதன்பின் இரண்டாண்டுகளாக அந்தக் கேள்வியின் பின்னாலேயே படித்துவந்திருக்கிறேன். படித்ததில் விளங்கிய ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். சொற்கள் ஒரு நோயாளியின் உயிரோடு எப்படி விளையாடுகின்றன என்பதுதான் என் துறை. அந்த எல்லைக்குள் நின்றே பேச முயல்கிறேன்.

அத்தையின் கேள்விக்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. சிறுநீரகம் ஒரு வடிகட்டி. அது பழுதானால் இரத்தத்தில் அழுக்கு சேரும். எந்திரம் அந்த அழுக்கை எடுத்துவிடும். அழுக்குப் போன இரத்தம் நல்ல இரத்தம். நல்ல இரத்தம் ஓடும் இதயம் ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கோட்பாட்டை அத்தையாகக் கண்டுபிடிக்கவில்லை. நாம்தான் கொடுத்தோம். ‘இரத்தச் சுத்திகரிப்பு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன, டயாலிசிஸ் பிரிவுகளின் பெயர்ப்பலகைகள் சொல்கின்றன. நான் களப்பணி செய்யும் ஊரில் தெலுங்கு பேசுவோர் ‘ரக்த சுத்தி’ என்கிறார்கள். இந்தி பேசுவோர் ‘கூன் கீ சஃபாயி’ என்கிறார்கள். மொழிக்கு மொழி சொல் மாறினாலும் உருவகம் ஒன்றுதான்: அழுக்கு, கழுவுதல், தூய்மை.

எளிய மக்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவத்துறையின் உள்ளேயும் நெடுங்காலம் இதே உருவகம்தான் ஆட்சி செய்தது. ஓர் அமர்வு போதுமானதாக நடந்ததா என்று அறிய உலகமெங்கும் பயன்படும் ‘கேடி பை வி’ என்ற அளவீடு, யூரியா எவ்வளவு வெளியேறியது என்பதைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதாவது எவ்வளவு கழுவினோம் என்ற கணக்கு. இன்னும் நன்றாகக் கழுவினால் நோயாளிகள் இன்னும் நீண்ட நாள் வாழ்வார்களா என்று அமெரிக்காவில் 1846 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ‘ஹீமோ’ என்று பெயர் பெற்ற அந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. வாரம் மூன்று அமர்வு என்ற அதே ஒழுங்குக்குள் கழுவும் அளவை உயர்த்தியதால் மட்டும் இறப்பு குறையவில்லை.

அடுத்த ஐயம் கொழுப்பின் மீது விழுந்தது. இதய நோய் என்றாலே கொலஸ்டிரால் என்பதுதானே நமக்கெல்லாம் தெரிந்த சூத்திரம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் மற்றவர்களிடம் மாரடைப்பைக் குறைப்பவை; டயாலிசிஸ் நோயாளிகளிடமும் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஜெர்மனியில் நடந்த ‘4டி’ ஆய்வு 2005இலும், பல நாடுகளில் நடந்த ‘அரோரா’ ஆய்வு 2009இலும் வெளிவந்தன. இரண்டிலும் கொழுப்பு குறைந்தது. இதயத்தால் நேரும் இறப்பும் மாரடைப்பும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஒரு துறை தன்னிடமிருந்த இரண்டு வலுவான சாவிகளையும் போட்டுப் பார்த்தது, பூட்டு திறக்கவில்லை.

பூட்டே வேறு என்பதற்கான தடயம் அதற்கு முன்பே, 2000இல் கிடைத்திருந்தது. சிறுவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இளைஞர்களின் இதயத் தமனிகளைக் குட்மேன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனியில் கால்சியம் படிந்திருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட, சிறுநீரக நோயில்லாத அதே வயதினர் 60 பேரில் அது மூவரிடம் மட்டுமே காணப்பட்டது. முதுமையில் வரக்கூடிய ஒன்று கல்லூரி வயதினரிடம் வந்திருந்தது. முதுகலை இரண்டாம் ஆண்டில் என்னோடு வகுப்பில் இருந்தவர்களின் வயதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படித்தேன்.

இந்தப் படிவின் தன்மையும் சற்று வேறானது. நமக்குப் பழகிய மாரடைப்புப் படத்தில் தமனியின் உட்சுவரில் கொழுப்புத் திட்டு வளர்ந்து, வெடித்து, அடைத்துக்கொள்கிறது. சிறுநீரக நோயாளிகளிடம் அதோடு சேர்ந்து, தமனிச் சுவரின் நடு அடுக்கே கெட்டிப்படுகிறது. ரப்பர் குழாய் பிளாஸ்டிக் குழாய் ஆவதைப் போல. ஒவ்வொரு துடிப்பின்போதும் விரிந்து கொடுக்க வேண்டிய பெருந்தமனி விரிய மறுக்கிறது. இதயம் அந்த எதிர்ப்பை மீறி அழுத்த வேண்டியிருக்கிறது. இடது கீழறையின் தசை தடித்துக்கொண்டே போகிறது. அடைப்பே இல்லாமலும் ஓர் இதயம் களைத்து நிற்கலாம், தாளம் தவறலாம். நடு அடுக்கில் நேரும் இந்தப் படிவை ஜெர்மன் மருத்துவர் மென்கபெர்க் 1903இலேயே விவரித்திருக்கிறார். நெடுங்காலம் அதைத் தீங்கற்ற ஒன்றாகவே பலரும் கருதினார்கள்.

‘படிதல்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டல் படிகிறது, தூசி படிகிறது என்கிறோம். யாரும் ஒன்றும் செய்யாமல் தானாகக் கீழே இறங்கித் தங்குவது படிதல். தமனியில் நடப்பது அப்படி அன்று. பாஸ்பேட் மிகுந்த சூழலில் தமனிச் சுவரின் தசைச் செல்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு எலும்புச் செல்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன என்று ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. எலும்பு கட்டும் வேலை தவறான இடத்தில் நடக்கிறது. கெண்டியில் உப்புப் படிவதைக் காட்டி விளக்கும் மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த உவமையைக் கேட்ட நோயாளி அடுத்ததாகக் கேட்பது, “அதக் கரைக்க மாத்திர இருக்கா டாக்டர்?” என்பதுதான். உவமை போட்ட தடத்தில்தான் கேள்வியும் ஓடுகிறது.

இனி, அழுக்கு உருவகத்தை உண்மையிலேயே கவிழ்க்கும் செய்திக்கு வருகிறேன். நம் எல்லோருடைய இரத்தத்திலும் கால்சியமும் பாஸ்பேட்டும், வெறும் நீரில் இருந்தால் எளிதில் படிகமாகிவிடக்கூடிய அளவில் இருக்கின்றன. வேதியியல் மொழியில் சொன்னால் இரத்தம் ஒரு மீத்தெவிட்டிய கரைசல். அப்படியிருந்தும் நாம் கல்லாவதில்லை. ஏனென்றால் அதைத் தடுக்கும் காவல் ஒன்று இரத்தத்திலேயே இருக்கிறது. ஈரல் சுரக்கும் ஃபெட்டுயின்-ஏ என்ற புரதம் அதில் முதன்மையானது. அல்புமின், மக்னீசியம், பைரோபாஸ்பேட் ஆகியவையும் உண்டு. ஃபெட்டுயின் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பொடிப்பொடியான உருண்டைகளாகப் பொதிந்து, படிகமாகவிடாமல் சுமந்து செல்கிறது. இந்தப் பொதிகளுக்குக் கால்சிபுரோட்டீன் துகள்கள் என்று பெயர். நெருக்கடி மிகும்போதோ காவல் தளரும்போதோ, மென்மையான முதல்நிலைத் துகள்கள் முற்றி, கூரிய படிகங்கள் கொண்ட இரண்டாம்நிலைத் துகள்களாகிவிடுகின்றன. ஃபெட்டுயின் இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளின் உடலெங்கும் சுண்ணாம்பு ஏறியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் ஃபெட்டுயின் குறைந்தவர்கள் இதய நோயால் இறப்பது மிகுதி என்று 2003இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது.

ஆக, டயாலிசிஸ் நோயாளியின் இரத்தத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வேண்டாதது மிகுந்திருக்கிறது, வேண்டியது குறைந்திருக்கிறது. ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு முதல் செய்தி மட்டுமே தெரியும். எந்திரம் பாஸ்பேட்டில் ஒரு பகுதியை எடுக்கும். ஈரல் சுரக்க வேண்டிய காவலை அது கொடுக்காது. கழுவிய பாத்திரம் சுத்தமாக இருக்கிறது என்பதால் அதில் ஊற்றிய பால் திரியாமல் இருந்துவிடுமா?

இந்தக் காவலை எப்படி அளப்பது? கால்சியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து அடுக்கும் பழைய முறை, ஒரு வாக்கியத்தின் சொற்களை எண்ணிவிட்டுப் பொருள் விளங்கிவிட்டது என்பதற்கு ஒப்பானது. (மொழியியல்காரியின் உவமை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆண்ட்ரியாஸ் பாஷும் அவர் குழுவினரும் 2012இல் வேறொரு வழியை வெளியிட்டார்கள். நோயாளியின் சீரத்தைக் கொஞ்சம் எடுத்து, அதில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வேண்டுமென்றே மிகுதியாகச் சேர்த்து, உடல் வெப்பநிலையில் வைத்து, ஒளி சிதறும் விதத்தைக் கருவியால் தொடர்ந்து பார்க்கிறார்கள். முதல்நிலைத் துகள்கள் இரண்டாம்நிலைக்கு மாறும்போது ஒளிச்சிதறல் மாறுகிறது. அந்த மாற்றத்தில் பாதி நிகழ எவ்வளவு நேரமாகிறது என்பதே ‘டி50’. அளவு நிமிடங்களில். நேரம் நீண்டால் காவல் வலுவாக இருக்கிறது. குறைந்தால் இரத்தம் எளிதில் கல்லாகும் போக்குடையது.

எனக்கு இதில் பிடித்தது, இது ஒரு பொருளின் அளவன்று என்பது. இரத்தம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு. ஒரு சிறு சோதனைக்குழாயில் இரத்தத்தைச் சோதனைக்கு உள்ளாக்கி, அது எப்போது கைவிடுகிறது என்று கேட்கிறார்கள்.

இந்த நேரத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டா? இதற்கான மிகப்பெரிய சான்று, வேறொரு நோக்கத்துக்காக நடந்த ஆய்விலிருந்து வந்தது. சினகால்செட் என்ற மருந்து டயாலிசிஸ் நோயாளிகளின் இதயத்தைக் காக்குமா என்று பார்க்க 3883 பேரை வைத்து ‘இவால்வ்’ என்ற ஆய்வு நடந்தது. மருந்தின் பயன் 2012இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. ஆனால் அவர்களிடம் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகள் இருந்தன. அவற்றில் 2785 பேரின் மாதிரிகளில் டி50 அளந்து 2017இல் வெளியிட்டார்கள். நேரம் குறைந்திருந்தவர்களிடம் இறப்பும் மாரடைப்பும் கை, கால் இரத்தக்குழாய்ப் பாதிப்புகளும் கூடுதலாக இருந்தன. வயது, நீரிழிவு போன்ற மற்றக் காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. டயாலிசிஸ் கட்டத்தை எட்டாத சிறுநீரக நோயாளிகளிடமும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களிடமும் நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதே திசையைக் காட்டின.

இங்கே ஆய்வு மாணவர்கள் நிதானிக்க வேண்டும். தொடர்பு வேறு, காரணம் வேறு. டி50 நேரத்தை நீட்ட முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்: டென்மார்க்கில் டயாலிசிஸ் திரவத்தின் மக்னீசியத்தை லிட்டருக்கு 0.5 மில்லிமோலிலிருந்து 1 மில்லிமோலாக உயர்த்தியபோது, 28 நாள்களில் அந்த நேரம் ஒரு மணிக்கும் மேலாகக் கூடியது. இதைக் கேட்டதும் மக்னீசியம் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். டயாலிசிஸ் நோயாளியின் உடலில் மக்னீசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். மேலும், டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்து நோயாளிகளுக்கு ஓராண்டு மக்னீசியம் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் இதயத் தமனியின் கால்சியம் வளர்வது குறையவில்லை என்று 2023இல் அறிவித்தார்கள். நேரத்தை நீட்டினால் ஆயுள் நீளும் என்று இன்றுவரை எந்தச் சோதனையும் நிறுவவில்லை. டி50 ஒரு எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்துவதால் நெருப்பு அணையாது.

பிறகு எதற்காக இவ்வளவு நீளமாக இதை எழுதுகிறேன்? இந்தச் சோதனையை உடனே நம் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதிடுவதற்காக அன்று. ‘முழு உடல் பரிசோதனை’ப் பட்டியலில் இன்னொரு வரியாக, இன்னும் சில ஆயிரம் ரூபாயாக அது வந்து சேர்வதைத்தான் அஞ்சுகிறேன். அந்தச் சோதனை நமக்குச் சொல்லித்தரும் பாடத்துக்கு எந்திரம் தேவையில்லை. இரத்தம் அழுக்கான நீர் அன்று. கட்டுக்குலையும் விளிம்பில் நாள்தோறும் காக்கப்படும் ஒரு சமநிலை. இப்படிப் பார்க்கத் தொடங்கினால், நம் டயாலிசிஸ் அறைகளில் சிறியவையாகத் தெரியும் சில செய்திகள் பெரியவையாகிவிடுகின்றன.

முதலாவது, இடைவெளி. வாரம் மூன்று அமர்வு என்பது உலக வழக்கு. நம் நாட்டில் பணமோ பயணமோ படுக்கையோ இல்லாததால் இரண்டோடு நிற்பவர்கள் ஏராளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு உணவில் சுமார் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ். அதில் 60 விழுக்காடு உடலில் சேர்கிறது என்று கொள்வோம். வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர அமர்வு ஒன்று எடுப்பது ஏறத்தாழ 800. மூன்று அமர்வில் 2400, இரண்டில் 1600. மூன்று முறை செய்துகொள்பவரிடமே மிச்சம் 1800. இரண்டு முறை செய்துகொள்பவரிடம் 2600. இந்த மிச்சத்தை மாத்திரையும் உணவும், சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் உயிரும்தான் சமாளிக்க வேண்டும். தோராயக் கணக்குதான், ஆனால் கையெழுத்துப் போட்டு இரண்டு அமர்வோடு நிற்கும் நோயாளியிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா? வாரம் மூன்று முறை செய்துகொள்பவர்களிடமே, இரண்டு நாள் இடைவெளி முடியும் நாளில்தான் இறப்பு கூடுகிறது என்று 2011இல் அமெரிக்காவின் 32,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் காட்டின. என் மாமாவுக்குச் செவ்வாய் மாலையிலிருந்து சனி காலைவரை இடைவெளி. அன்று அவர் இதயத்தை நிறுத்தியது பொட்டாசியமா, சேர்ந்த நீரா, ஐந்தாண்டுகளாக இறுகிய தமனியா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றும் அந்த நான்கு நாளில் கைகோத்திருக்கலாம்.

2016ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு எந்திரங்களைக் கொண்டுவந்தது. ஏழைகளுக்குக் கட்டணமில்லை. அது பெரிய காரியம். குறைத்துப் பேச மாட்டேன். தமிழ்நாட்டில் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவும் இது கிடைக்கிறது. ஆனால் இவற்றிலெல்லாம் எண்ணப்படும் அலகு ‘அமர்வு’. எத்தனை அமர்வு நடந்தது என்பது பதிவாகும். அமர்வுக்கும் அமர்வுக்கும் இடையே அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பது எந்த ஏட்டிலும் ஏறாது. கழுவும் நேரத்தைக் கணக்கெடுக்கிறோம்; தாக்குப்பிடிக்க வேண்டிய நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை.

இரண்டாவது, மாத்திரையின் பெயர். இதைச் சொல்லவே பாதிப் பதிவை எழுதினேன் என்றாலும் தவறில்லை. மாமாவின் மாத்திரை டப்பாவைப் பிறகு பார்த்தேன். அத்தை படிப்பதற்கு எளிதாக ஒவ்வொன்றின் மீதும் தாள் ஒட்டி எழுதியிருந்தார். ஒன்றில், ‘கால்சியம் – எலும்புக்கு – ராத்திரி படுக்கும்போது.’ அது கால்சியம் கார்பனேட். சிறுநீரக நோயாளிக்கு அதைக் கொடுப்பது பெரும்பாலும், உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதற்காக. எனவே அதைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் படுக்கப் போகும்போது விழுங்கினால் பிடிப்பதற்குப் பாஸ்பரஸ் அங்கே இருக்காது. பதிலாகக் கால்சியம்தான் உடலுக்குள் கூடுதலாகச் சேரும். எதைத் தடுக்கக் கொடுத்தார்களோ அதற்கு எரிபொருளாகும்.

அத்தை கவனக்குறைவானவர் அல்லர். ஒரு வேளை மாத்திரையையும் தவறவிட்டதில்லை. அவரை வழிதவறச் செய்தது சொல்தான். தமிழில் ‘கால்சியம் மாத்திரை’ என்றால் எலும்புக்கு வலு. கருவுற்ற பெண்ணுக்கும் மூட்டு வலிக்காரருக்கும் கொடுப்பது. ‘சுண்ணாம்புச் சத்து’ என்பதில் ‘சத்து’ என்ற சொல்லே நன்மைக்கு உறுதி தருகிறது. அந்தப் பெயரோடு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சீட்டில் ‘1-0-1’ என்று எழுதினால், யார்தான் அதைப் பாஸ்பரஸ் பிடிக்கும் மாத்திரை என்று நினைப்பார்கள்? அதைச் ‘சோற்று மாத்திரை’ என்று சொல்லியிருந்தால் போதும். பெயரே வேளையைச் சொல்லியிருக்கும். கால்சியம் கலந்த இவ்வகை மாத்திரைகளின் அளவைக் கட்டுப்படுத்துமாறு உலகச் சிறுநீரக வழிகாட்டுதல் குழு 2017இல் பரிந்துரைத்தது. மாற்று மருந்தான செவலமரின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே பழைய மாத்திரையே தொடர்கிறது. தொடரட்டும். எப்போது விழுங்க வேண்டும் என்பதையாவது விளங்கச் சொல்லலாமே; அதற்குச் செலவில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்பரஸ் மிகுதி என்றதும் பருப்பையும் பயறையும் நிறுத்தச் சொல்வது இங்கே வழக்கம். தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பிணைந்திருக்கிறது. நம் குடல் அதில் ஒரு பங்கைத்தான் பிரித்தெடுக்கும். கருநிறக் குளிர்பானத்திலும் பதப்படுத்திய இறைச்சியிலும் பாக்கெட் பண்டங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ ஏறத்தாழ முழுவதுமாக உள்ளே போய்விடும். உறையின் பின்புறம் 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்தவை. என் மாமா பருப்பை விட்டார், கீரையை விட்டார். தாகத்துக்கு இரண்டு வாய் என்று கோலாவை வைத்துக்கொண்டார். பொட்டாசியத்துக்காகக் கீரையைக் கட்டுப்படுத்துவது வேறு கணக்கு. அதை உணவியல் வல்லுநரிடம் கேளுங்கள். ஒரு வியப்பு: அதே ஃபைட்டேட்டின் தூய வடிவத்தை டயாலிசிஸின்போது நரம்பு வழியே செலுத்தியபோது இதயத் தமனியில் கால்சியம் வளர்வது மெதுவானதாக 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பருப்பைத் தின்றால் அந்தப் பயன் கிடைத்துவிடும் என்று யாரும் இதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம்.

மூன்றாவது, ‘கேஸ் மாத்திரை’. பான்டோப்ரசோல் போன்றவை. எந்த நோய்க்குப் போனாலும் சீட்டின் முதல் வரியில் துணைக்கு வருவது. இவற்றை நீண்டகாலம் விழுங்கினால் உடலில் மக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. மக்னீசியமோ கால்சியம் படியாமல் காக்கும் காவலர்களில் ஒருவர். தேவைப்பட்டவருக்கு அந்த மாத்திரை தேவைதான். ஐந்தாண்டுகளாக ஏன் தொடர்கிறது என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

ஆய்வுக்கும் இங்கே இடமிருக்கிறது. இவால்வ் போன்ற பெரிய ஆய்வுகள் வாரம் மூன்று அமர்வு என்ற ஒழுங்கில் உள்ளவர்களைப் பற்றியவை. வாரம் இருமுறை மட்டுமே எந்திரத்தைப் பார்க்கும், மரக்கறியும் அரிசியும் மிகுதியாக உண்ணும் நம் நோயாளிகளின் டி50 என்ன, நான்கு நாள் இடைவெளியில் அது எப்படி நகர்கிறது என்பதைப் பெரிய அளவில் அறிவது நமக்குத் தேவை. சிறுநீரகவியல் முதுநிலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்புத் தேடும்போது நினைவில் கொள்ளுங்கள். ஆய்வகத்தில் வையுங்கள், நோயாளியின் ரசீதில் வைக்காதீர்கள்.

நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று சூசன் சொன்டாக் 1978இல் வாதிட்டார். புற்றுநோயைப் பற்றி அவர் சொன்னதை ஏற்கிறேன். டயாலிசிஸ் அறையில் உட்கார்ந்து பார்த்த பிறகு, உருவகமே இல்லாமல் நோயாளியோடு பேச முடியும் என்று நம்ப மாட்டேன். ‘குருதி ஊடுபிரிப்பு’ என்று பாடநூல் சொல்கிறது. நல்ல சொல், பொருத்தமான சொல்; ஒரு நோயாளியின் வாயிலிருந்தும் அதைக் கேட்டதில்லை. எவரையும் ‘சுத்தம்’ என்று சொல்லாதே என்று தடுக்கவும் முடியாது. அதன் பக்கத்தில் இன்னொரு சொல்லை உட்கார வைக்கலாம். நான் அத்தையிடம் அதைத்தான் முயன்றேன். “ரத்தம் சுத்தமாத்தான் ஆச்சு அத்தை. ஆனா அதுக்குத் தாங்குற சக்தி கொறஞ்சுபோச்சு. அது ரத்தக்குழாயக் கெட்டியாக்கிடும். கெட்டியான குழாய்ல தள்ளித் தள்ளி ஹார்ட் சோர்ந்துபோகும்” என்றேன். அவருக்கு விளங்கியது. உடனே, “அப்ப அந்த மாத்திரைய நான் சோத்தோட குடுத்திருந்தா?” என்று கேட்டார். தாள் ஒட்டி எழுதியவர் அவரல்லவா. ஒரு மாத்திரையால் எதுவும் மாறியிருக்காது அத்தை, அது பல காரணங்கள் சேர்ந்தது, உங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை என்றேன். மூன்றுமே உண்மை. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஆய்வுக்காக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் டயாலிசிஸ் பிரிவில் பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையை நோயாளிகளும் செவிலியர்களும் என்ன பெயரால் அழைக்கிறார்கள்? எப்போது விழுங்கச் சொல்கிறார்கள்? வீட்டில் யாருக்கேனும் டயாலிசிஸ் நடந்தால், மாத்திரை உறையின் மேல் உங்கள் வீட்டார் கையால் எழுதிவைத்திருப்பது என்ன? நோயாளியின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இல்லாமல், சொல்லையும் மாவட்டத்தையும் மட்டும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இதுவரை 23 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ‘சாப்பாடு’ அல்லது ‘சோறு’ என்ற சொல் வருபவை இரண்டு.